டயருக்குள் இருக்கும் காவலாளியின் வயது

1,200 கிலோகிராம் எடையுள்ள ஒரு காரை எடுத்துக்கொள்வோம். அதன் ஒவ்வொரு சக்கரமும் சுமார் 300 கிலோகிராம் எடையைத் தாங்குகிறது. டயருக்குள் அடைபட்டிருக்கும் காற்றின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்று கொண்டால், எளிய வகுத்தல் கணக்கின்படி ஒவ்வொரு டயரும் சாலையைத் தொடும் பரப்பு ஏறத்தாழ 20 சதுர அங்குலமே ஆகும். இது நம் உள்ளங்கை அளவுதான்! நான்கு உள்ளங்கைகளின் மீது ஒரு கார் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதைத் தாங்கி நிற்பது ரப்பர் அன்று. ரப்பருக்குள் இருக்கும் காற்றே.

இந்தக் காற்று ஒரே இடத்தில் நிலையாக இருப்பதில்லை. ஆணி குத்தாவிட்டாலும் ரப்பரின் மூலக்கூறுகளுக்கிடையே அது மெல்ல மெல்ல ஊடுருவி வெளியேறுகிறது. மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு பவுண்டு அழுத்தம் இப்படிக் குறையும். குறைவது நம் கண்ணுக்குத் தெரிவதும் இல்லை. இக்காலத்து டயர்களின் பக்கச் சுவர் சரியான அழுத்தத்திலேயே சற்றுப் பிதுங்கி நிற்பதால், ஏழெட்டுப் பவுண்டு குறைந்திருந்தாலும் கண் ஏமாந்து போகும்.

கண்ணால் காண முடியாததைக் கண்டு சொல்வதற்காகவே டயருக்குள் ஒரு சிறு காவலாளி அமர்த்தப்பட்டிருக்கிறான். அவனுக்கு அழுத்த உணரி என்று பெயர். அவன் எப்படி அங்கு வந்து சேர்ந்தான், அவனுக்கு ஏன் வயதாகிறது, பழைய காரில் அவனை எப்போது மாற்ற வேண்டும் என்பவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

காற்றுச் சக்கரமும் கைமானியும்

காற்றடைத்த சக்கரத்துக்கு முதன்முதலில் காப்புரிமை பெற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராபர்ட் வில்லியம் தாம்சன். ஆண்டு 1845. அப்போது மோட்டார் காரும் இல்லை, இன்றைய வடிவிலான சைக்கிளும் இல்லை. ஆகவே அவருடைய கண்டுபிடிப்பு வழக்கத்துக்கு வராமல் மறக்கப்பட்டது. 1888இல் பெல்ஃபாஸ்ட் நகரில் கால்நடை மருத்துவராக இருந்த ஜான் பாய்டு டன்லப் அதே கருத்தைத் தாமாகவே மீண்டும் கண்டுபிடித்துச் சைக்கிளுக்குப் பொருத்தினார். தாம்சனின் பழைய காப்புரிமை இருந்தமையால் டன்லப்பின் காப்புரிமை பின்னர் செல்லாததாயிற்று. ஆயினும் டயர் என்றவுடன் உலகம் நினைவில் வைத்துக்கொண்டது டன்லப்பின் பெயரைத்தான்.

1895இல் பிரான்சில் நடந்த பாரிஸ் - போர்தோ - பாரிஸ் பந்தயத்தில் மிஷலின் சகோதரர்கள் காற்று டயர் பொருத்திய காரை ஓட்டிக் காட்டினர். வழியெங்கும் டயர்கள் பஞ்சராகிக்கொண்டே இருந்தன. பந்தயத்தில் வெற்றி கிடைக்கவில்லை; ஆனால் காற்றின் மீது காரை ஓட்ட முடியும் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

காற்றை அடைத்தால் மட்டும் போதுமா? அடைத்த காற்று வெளியேறாமல் தடுக்க வால்வு வேண்டும். உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று அளக்க மானி வேண்டும். நியூயார்க்கின் ஷ்ரேடர் நிறுவனம் 1893இல் காப்புரிமை பெற்ற வால்வே இன்றும் உலகெங்கும் கார் டயர்களில் இருக்கிறது. கையடக்கமான அழுத்தமானியை அந்நிறுவனம் 1909இல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு சுருள்வில், ஒரு சிறு உந்து தண்டு, அளவு குறித்த ஒரு குச்சி, அவ்வளவே. ஏறக்குறைய முக்கால் நூற்றாண்டுக் காலம் டயர்களைக் காத்தது இந்த எளிய கருவிதான். ஆனால் அதற்கு ஒரு குறை உண்டு. யாராவது எடுத்து வைத்து அளந்தால்தான் அது பேசும்.

சிலிக்கானின் பங்கு

ஓடும் சக்கரத்துக்குள் இருந்தபடியே அழுத்தத்தை அளக்க வழி உண்டா? இதற்கான விடை டயர்த் தொழிலில் பிறக்கவில்லை. திண்மநிலை இயற்பியலில் பிறந்தது. சிலிக்கான், ஜெர்மேனியம் ஆகிய குறைகடத்திகளை வளைத்தாலோ நசுக்கினாலோ அவற்றின் மின்தடை பெரிதும் மாறுகிறது என்பதைச் சார்லஸ் ஸ்மித் என்ற அமெரிக்க இயற்பியலாளர் 1954இல் வெளியிட்டார். உலோகக் கம்பியிலும் இந்த விளைவு உண்டு. ஆனால் சிலிக்கானில் அது பன்மடங்கு மிகுதி.

இதைப் பயன்படுத்தி மெல்லிய சிலிக்கான் சவ்வு ஒன்றைச் செய்து அதன் ஒரு பக்கத்தில் அழுத்தம் செலுத்தினால் சவ்வு வளையும், மின்தடை மாறும், அந்த மாற்றத்தை மின்னழுத்தமாக அளந்துகொள்ளலாம். சக்கரம் சுழல்வதால் கம்பி இழுத்துச் செய்தியை வெளியே கொண்டுவர இயலாது. ஆகவே ஒரு சிறு வானொலி அனுப்பியும் உடன் வேண்டும். 1980களின் பிற்பகுதியில் வெளிவந்த போர்ஷே 959 என்ற விலையுயர்ந்த கார், டயர் அழுத்தத்தைத் தானே கண்காணிக்கும் அமைப்புடன் வந்த முதல் கார்களுள் ஒன்று. அதன் பிறகும் நெடுங்காலம் இது செல்வர்களின் வசதியாகவே இருந்தது. இதை எல்லாருக்கும் உரியதாக்கியது ஒரு பெரும் துயரம்.

2000ஆம் ஆண்டின் பாடம்

2000 ஆகஸ்டில் பிரிட்ஜ்ஸ்டோன்-ஃபயர்ஸ்டோன் நிறுவனம் பயன்பாட்டிலிருந்த சுமார் 65 இலட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றுக்கொள்வதாக அறிவித்தது. இவற்றுள் பெரும்பாலானவை ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற உயரமான வண்டியில் பொருத்தப்பட்டவை. வேகமாக ஓடும்போது டயரின் மேற்பட்டை, உள்ளிருக்கும் எஃகுப் பட்டையிலிருந்து உரிந்து பிரிந்தது. வண்டி கட்டுப்பாட்டை இழந்து உருண்டது. அமெரிக்காவில் மட்டும் 270க்கும் மேற்பட்ட உயிர்கள் பலியானதாகக் கணக்கிடப்பட்டது. வெப்பம் மிகுந்த சவூதி அரேபியா, வெனிசுவேலா ஆகிய நாடுகளில் இதே வகை விபத்துகள் அதற்கு முன்பே தலைகாட்டியிருந்தன.

குற்றம் யாருடையது? டயரின் அமைப்பிலும் தயாரிப்பிலும் குறை இருந்ததென்று ஃபோர்டு கூறியது. வண்டியின் அமைப்பையும், ஃபோர்டு பரிந்துரைத்த 26 பவுண்டு என்ற குறைந்த அழுத்தத்தையும் ஃபயர்ஸ்டோன் சுட்டிக்காட்டியது. டயரின் எஃகுப் பட்டைகள் சந்திக்கும் விளிம்புப் பகுதி போதிய வலிமையுடன் இல்லை என்பது அரசு ஆய்வின் முடிவு. இரு நிறுவனங்களுக்கும் இடையே ஏறத்தாழ நூறாண்டுக் காலம் நிலவிய உறவு 2001இல் முறிந்தது.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது இயற்பியல் பகுதியை. காற்றுக் குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் கூடுதலாக நசுங்கி நிமிர்கிறது. நசுக்கச் செலவாகும் ஆற்றல் முழுவதையும் நிமிரும்போது ரப்பர் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதி வெப்பமாகிவிடுகிறது. டயரின் சுற்றளவு ஏறத்தாழ 1.9 மீட்டர். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் அது நொடிக்குச் சுமார் 15 முறை நசுங்கி நிமிர்கிறது. குறைந்த காற்று, மிகுந்த சுமை, மிகுந்த வேகம், வெயில் ஆகிய நான்கும் சேர்ந்தால் ரப்பருக்கும் எஃகுக்கும் இடையேயுள்ள பிணைப்பு வலுவிழக்கிறது. குறையுள்ள டயரைக் காற்றுக் குறைவு விரைந்து கொல்கிறது. குறையற்ற டயரையும் அது நாளடைவில் கெடுக்கிறது.

அக்காலத்தில் அமெரிக்க அரசு எடுத்த ஒரு கணக்கெடுப்பில், நான்கில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட கார்களில் குறைந்தது ஒரு டயராவது 8 பவுண்டோ அதற்கு மேலோ குறைந்திருந்தது தெரியவந்தது. கைமானி இருந்தது, அளப்பவர்கள்தாம் இல்லை.

ஒரு டயர் என்றால் எத்தனை?

2000 நவம்பர் 1 அன்று அமெரிக்க அதிபர் கிளிண்டன் ஒரு சட்டத்தில் கையெழுத்திட்டார். ஒரு டயரில் காற்று மிகவும் குறைந்தால் ஓட்டுநருக்கு அறிவிக்கும் அமைப்பு புதிய வண்டிகளில் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் ஒரு பிரிவு. ஆனால் எந்த முறையில் அறிவிப்பது என்பதில் சிக்கல் எழுந்தது. முறைகள் இரண்டு இருந்தன.

முதலாவது நேர்முறை. இதில் ஒவ்வொரு சக்கரத்திலும் ஓர் உணரி உண்டு. இரண்டாவது மறைமுக முறை. காற்றுக் குறைந்த டயரின் உருளும் ஆரம் சற்றே சிறுக்கும். அதனால் அது மற்ற சக்கரங்களைவிடச் சற்று விரைந்து சுழலும். பிரேக் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு எப்படியும் சக்கரங்களின் வேகத்தை அளக்கிறது. அந்த அளவுகளை ஒப்பிட்டாலே போதும். தனி உணரி தேவையில்லை, செலவும் குறைவு.

2002இல் வெளியான அரசு விதி, தொடக்க ஆண்டுகளில் இரண்டில் எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ள இடமளித்தது. நான்கு டயர்களில் எத்தனை குறைந்தாலும் 25 சதவீதத்தில் எச்சரிப்பது ஒரு வழி. ஏதேனும் ஒரு டயர் மட்டும் 30 சதவீதம் குறைந்தால் எச்சரிப்பது மற்றொரு வழி. பின்னது மறைமுக முறைக்கு ஏற்றபடி வகுக்கப்பட்டது.

மாணவர்கள் இங்கு ஒரு தாளை எடுத்து வரைந்து பார்க்கலாம். அக்கால மறைமுக அமைப்பு, முன் இடதும் பின் வலதும் சேர்ந்த வேகத்தை முன் வலதும் பின் இடதும் சேர்ந்த வேகத்தோடு ஒப்பிட்டது. ஒரு டயர் மட்டும் குறைந்தால் இரு கூட்டுத்தொகைகளும் வேறுபடும். ஆனால் ஒரே அச்சிலுள்ள இரண்டும் சமமாகக் குறைந்தால்? இரு தொகைகளும் சமமாகவே உயரும், வேறுபாடு தெரியாது. ஒரே பக்கத்து இரண்டு குறைந்தாலும் அப்படியே. நான்கும் ஒன்றாகக் குறைந்தாலும் அப்படியே. மாதக்கணக்கில் காற்றே அடிக்காத காரில் நடப்பது இந்தக் கடைசி நிலைதானே!

நுகர்வோர் அமைப்புகள் வழக்குத் தொடுத்தன. நியூயார்க்கிலுள்ள கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் 2003 ஆகஸ்டில் அந்த விதியைத் தள்ளுபடி செய்தது. ‘ஒரு டயர்’ என்று சட்டம் சொல்வது ஒன்றாக இருந்தாலும் நான்காக இருந்தாலும் குறைந்த ஒவ்வொரு டயரையும் குறிக்கும் என்பது நீதிபதிகளின் முடிவு. 2005 ஏப்ரலில் புதிய விதி வந்தது. நான்கில் ஒன்றோ பலவோ 25 சதவீதம் குறைந்தால் 20 நிமிடத்துக்குள் விளக்கு எரிய வேண்டும். 2007 செப்டம்பர் முதல் அமெரிக்காவில் விற்கும் எல்லாப் புதிய கார்களுக்கும் இது கட்டாயமாயிற்று. ஐரோப்பிய ஒன்றியம் 2014 நவம்பரில் எல்லாப் புதிய கார்களுக்கும் இதைக் கட்டாயமாக்கியது.

பயன் கிடைத்ததா? நேர்முறை அமைப்பு உள்ள கார்களில், காற்று மிகக் குறைந்த டயர் இருக்கும் வாய்ப்பு 55.6 சதவீதம் குறைந்திருப்பதாக 2012இல் வெளியான அமெரிக்க அரசு ஆய்வு மதிப்பிட்டது.

காவலாளிக்கும் வயதாகிறது

சட்டம் புதிய கார்களைப் பற்றிப் பேசியது. ஆனால் கார்கள் என்றும் புதியவையாக இருப்பதில்லை.

உணரியின் உள்ளே என்னென்ன இருக்கின்றன என்று பார்ப்போம். அழுத்தம் அளக்கும் சிலிக்கான் சவ்வு, வெப்பநிலை அளக்கும் பகுதி, சக்கரம் சுழல்கிறதா என்று அறியும் முடுக்கமானி, ஒரு நுண்கணிப்பி, வானொலி அனுப்பி, இவற்றுக்கெல்லாம் உணவளிக்கும் ஒரு லித்தியம் மின்கலம். அமெரிக்காவில் பெரும்பாலும் 315 மெகாஹெர்ட்ஸ், ஐரோப்பாவில் 433 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் இது செய்தி அனுப்புகிறது. ஈரமும் அதிர்வும் தாக்காதபடி எல்லாவற்றையும் பிசின் ஊற்றி இறுக மூடிவிடுகிறார்கள். அதனால் மின்கலத்தை மட்டும் தனியே எடுத்து மாற்ற இயலாது.

இந்த மின்கலத்தின் கொள்ளளவு 300 மில்லிஆம்பியர்-மணி என்று வைத்துக்கொள்வோம். பத்து ஆண்டில் 87,600 மணி நேரம் உண்டு. 300ஐ 87,600ஆல் வகுத்தால் கிடைப்பது சுமார் 3.4 மைக்ரோஆம்பியர். பத்து ஆண்டு வாழ வேண்டுமானால் உணரி சராசரியாக இதற்கு மேல் மின்னோட்டம் செலவிடக் கூடாது! அதனால்தான் கார் நிற்கும்போது அது உறங்குகிறது. ஓடும்போது மட்டும் விழித்து ஏறத்தாழ நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு சிறு செய்தியை அனுப்பிவிட்டு ஓய்கிறது.

அது வேலை செய்யும் இடமும் எளிதானதன்று. மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில், அச்சிலிருந்து 20 சென்டிமீட்டர் தொலைவில் சுழலும் பொருளின் மையநோக்கு முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப்போல் சுமார் 175 மடங்கு. 30 கிராம் உணரி அப்போது 5 கிலோகிராம் எடைபோல் தன் பிடிப்பை இழுக்கிறது. டயரின் வெப்பம் மின்கலத்தின் ஆற்றலைத் தானாகவே கரைக்கிறது. ஆகவே நடைமுறையில் ஓர் உணரியின் ஆயுள் ஐந்து முதல் பத்து ஆண்டுகள் வரை. 2007இல் பிறந்த உணரிகள் எல்லாம் தம் இயற்கை ஆயுளை எப்போதோ முடித்துவிட்டன.

எப்போது மாற்றுவது?

முதலில் விளக்கின் மொழியைப் படிக்கத் தெரிய வேண்டும். அமெரிக்க விதிப்படி அமைந்த கார்களில், விளக்கு விட்டுவிட்டு எரியாமல் நிலையாக எரிந்தால் டயரில் காற்றுக் குறைவு என்று பொருள். அப்போது மாற்ற வேண்டியது உணரியை அன்று. நிரப்ப வேண்டியது காற்றை. வண்டியை இயக்கியவுடன் ஒரு நிமிடம் முதல் ஒன்றரை நிமிடம் வரை சிமிட்டிவிட்டுப் பிறகு நிலையாக எரிந்தால் அமைப்பிலேயே கோளாறு என்று பொருள். மின்கலம் தீர்ந்திருக்கலாம், உணரி உடைந்திருக்கலாம், அல்லது உணரியில்லாத ஸ்டெப்னி மாட்டப்பட்டிருக்கலாம். குளிர்ந்த காலைகளில் மட்டும் சிமிட்டிப் பகலில் சரியாகிவிட்டால் மின்கலம் முதுமையடைந்துவிட்டது என்று ஐயுறலாம். குளிரில் மின்கலத்தின் அகத்தடை உயர்வதே காரணம்.

இந்தக் கோளாறு விளக்கைப் பலர் பொருட்படுத்துவதில்லை. மூன்று உணரிகள் நன்றாகத்தானே இருக்கின்றன என்று எண்ணுகிறார்கள். பெரும்பாலான கார்களில் இரண்டு செய்திகளுக்கும் ஒரே விளக்குத்தான். கோளாறுக்காக அது எப்போதும் எரிந்துகொண்டிருந்தால், மற்றொரு டயரில் காற்று இறங்கும்போது எரிவதற்கு விளக்கு ஏது? ஒரு காவலாளி இறந்தால் மற்ற மூவரின் குரலும் கேட்காமல் போகிறது.

காருக்கு ஏழு, எட்டு ஆண்டுக்கு மேலாகிப் புதிய டயர் போடும் நேரம் வந்தால் அதுவே நான்கு உணரிகளையும் சேர்த்து மாற்றத் தக்க தருணம். நான்கும் ஒரே நாளில் பிறந்து ஒரே தொலைவு ஓடியவை. ஒன்று ஓய்ந்தால் மற்றவை நெடுநாள் நிற்கமாட்டா. உணரி டயருக்குள்ளே இருப்பதால் ஒவ்வொரு முறையும் டயரைக் கழற்றி, மாட்டி, சமன்செய்யும் கூலி தனியே ஆகும். மாறாக, மூன்று நான்கு ஆண்டே ஆன காரில் டயர் கழற்றும்போது ஒன்று உடைந்துபோனால் அதை மட்டும் மாற்றினால் போதும்.

உணரி நன்றாக இருந்தாலும் டயர் மாற்றும்போதெல்லாம் அதன் ரப்பர் வளையம், வால்வின் உள்ளூசி, மூடி ஆகியவற்றைப் புதிதாகப் போட வேண்டும். அலுமினியத் தண்டுள்ள உணரிக்கு நிக்கல் பூசிய உள்ளூசியே ஏற்றது. பூச்சில்லாத பித்தளை ஊசியைப் போட்டால் அலுமினியமும் பித்தளையும் ஈரத்தில் ஒரு சிறு மின்கலம் போலாகி அரித்து ஒட்டிக்கொள்ளும். தண்டில் வெண்ணிற அரிப்போ வெடிப்போ தெரிந்தால் வயதைப் பாராமல் மாற்றிவிட வேண்டும். புதிய உணரி காரின் அதிர்வெண்ணுக்கும் செய்திமுறைக்கும் பொருந்துவதாக இருக்க வேண்டும். அதன் அடையாள எண்ணைக் காரின் கணிப்பிக்குக் கற்பிக்கவும் வேண்டும். இதற்கெல்லாம் முன், உங்கள் கார் மறைமுக முறையைச் சேர்ந்ததா என்று கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். அதில் மாற்றுவதற்கு உணரியே இல்லை. காற்றை நிரப்பியபின் பொத்தானை அழுத்தி மீட்டமைத்தால் போதும்.

காரை விற்ற பின் உணரி ஓய்ந்தால் யார் பொறுப்பு? அமெரிக்கக் கூட்டாட்சி விதி கார் தயாரிப்பவரைக் கட்டாயப்படுத்தியது. ஓய்ந்துபோன உணரியைப் புதுப்பிக்குமாறு உரிமையாளரைக் கட்டாயப்படுத்தவில்லை. பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 2012 முதல் பயன்பாட்டுக்கு வந்த கார்களில் இவ்விளக்கு கோளாறு காட்டினால் ஆண்டுச் சோதனையில் தேறாது என்ற விதியை 2015இல் கொண்டுவந்தது. இந்தியாவில் 2020இல் மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டபோது, ட்யூப் இல்லாத டயரும் பஞ்சர் ஒட்டும் கருவித்தொகுதியும் அழுத்தக் கண்காணிப்பு அமைப்பும் உள்ள சிறு வண்டிகள் ஸ்டெப்னி இல்லாமலே ஓடலாம் என்று இசைவு தரப்பட்டது. உணரியை நம்பி ஸ்டெப்னியைக் கைவிட்ட காரில், உணரி ஓய்ந்த பின் எஞ்சியிருக்கும் பாதுகாப்பு எவ்வளவு என்பதை வாசகர்களே சிந்தித்துப் பார்க்கலாம்.

கைமானியை மறவாதீர்

இறுதியாக ஒரு கணக்கு. 32 பவுண்டு வைக்க வேண்டிய டயரில் 25 சதவீதம் குறைந்தால் 24 பவுண்டு. 31 முதல் 25 வரை விளக்கு வாய் திறக்காமல் இருக்கலாம். அந்த இடைவெளியிலும் டயர் தேய்ந்துகொண்டும் சூடேறிக்கொண்டும்தான் இருக்கிறது. ஆகவே புத்தம் புதிய உணரி இருந்தாலும் மாதம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறும் முன், கைமானியால் அளப்பது நன்று. வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் மாறினால் அழுத்தம் சுமார் ஒன்றரைப் பவுண்டு மாறும் என்பதையும் நினைவில் கொள்க.

பழைய காருக்குப் புதிய உணரி வாங்கும் வசதி உடனே இல்லாதவர்களும் வருந்த வேண்டியதில்லை. 1909இல் வந்த கருவி இன்றும் கடையில் கிடைக்கிறது. அதற்கு மின்கலமே வேண்டாம். செய்யக் கூடாதது ஒன்றுதான்: இறந்துபோன உணரியின் மௌனத்தை, டயர் நலமாக இருக்கிறது என்ற செய்தியாக எடுத்துக்கொள்வது.